ஆயிரம் குன்றுகளின் காபி

காபி விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கடைக் கொட்டை உசத்தி, 'பிளான்டேஷன் ஏ' எத்தனை பங்கு, 'பீபெர்ரி' எத்தனை பங்கு, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்பவற்றைக் குறித்து நம் குடும்பங்களில் நடக்கும் வாதப் பிரதிவாதங்களைச் சட்டசபையிலே கூடக் கேட்க முடியாது. காலையில் டிகாக்ஷன் இறங்குவதற்குக் கால் மணி தாமதமானால் போதும். வீட்டில் உள்நாட்டுக் கலகம் மூண்டுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

உள்நாட்டுக் கலகம் என்ற சொல்லை வேடிக்கையாகச் சொல்ல முடியாத தேசங்கள் உலகத்தில் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் காபிக் கொட்டையைக் கொண்டு ஜனங்கள் எப்படி மறுபடியும் பிழைக்கத் தொடங்கினார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். யுத்தம் ஓய்ந்த நாட்டில் பாலம் கட்டுவது கஷ்டம், பள்ளிக்கூடம் திறப்பது கஷ்டம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வியாபாரத்தைத் தொடங்கி, அதை நிலைக்கச் செய்து, பெருக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கடனுக்குச் சரக்குக் கொடுக்க வேண்டும். யாரை நம்பிக் கொடுப்பது? கூட்டாளி சேர்க்க வேண்டும். யாரைச் சேர்ப்பது? அடுத்த வீட்டுக்காரனே கத்தியை எடுத்துக்கொண்டு வந்த ஊரில் இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில்?

அந்தத் தேசத்தின் பெயர் ருவாண்டா. ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. விஸ்தீரணம் சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு. 2022-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அதில் 1 கோடியே 32 லட்சம் பேர் வசிக்கிறார்கள். கடற்கரை கிடையாது. சரக்கு எதுவானாலும் லாரியில் ஏற்றி, மலைப் பாதைகளில் சுமார் 1,500 கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போய், தான்சானியாவிலுள்ள தார் எஸ் ஸலாம் துறைமுகத்திலோ, இன்னும் தொலைவிலுள்ள மொம்பாஸாவிலோ கப்பலேற்ற வேண்டும். பார்த்த இடமெல்லாம் குன்று. 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்று அதற்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு. அந்தக் குன்றுகளின் உயரமும், மழையும், எரிமலை மண்ணும் காபிச் செடிக்கு மிகவும் பிடித்தவை.

ஆனால் ருவாண்டா ஜனங்கள் காபியை ஆசைப்பட்டுப் பயிரிட்டவர்கள் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த நாடு ஜெர்மானியர் வசம் இருந்தபோது, பாதிரிமார்கள் அந்தச் செடியைக் கொண்டுவந்தார்கள். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் போய்ப் பெல்ஜியர் வந்தார்கள். 1930-க்குப் பின் அவர்கள் ஒவ்வொரு குடியானவனும் இத்தனை செடி வைத்தே ஆக வேண்டுமென்று கட்டாயப்படுத்தினார்கள். அதே காலத்தில்தான் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்து, அதில் 'ஹூட்டு', 'டுட்ஸி', 'ட்வா' என்று ஜாதியைப் பொறித்து வைத்தார்கள். ஒரே பாஷை பேசி, ஒரே குன்றில் குடியிருந்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த ஜனங்கள் அவர்கள். முன்னமேயே அவர்களுக்குள் ஏற்றத் தாழ்வு இல்லாமலில்லை. ஆனால் அதைக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தி அழியாததாக்கியது அன்னிய ஆட்சி. அன்னிய ஆட்சியின் கைவண்ணத்தை நேரில் கண்ட நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1962-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி ருவாண்டா சுதந்திரம் பெற்றது. காபி விஷயத்தில் மட்டும் சுதந்திரம் வரவில்லை. செடியைப் பிடுங்குவது குற்றமாகவே இருந்தது. விலையைச் சர்க்கார் நிர்ணயித்தது. நல்ல கொட்டைக்கும் அதே விலை, சொத்தைக் கொட்டைக்கும் அதே விலை. (நம் நாட்டிலும் 1940-களிலிருந்து 1990-கள் வரை காபி வாரியமே சரக்கையெல்லாம் சேகரித்து விற்று வந்தது, ஆனால் செடி வை என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.) நல்ல விலை கிடைக்காதபோது நல்ல கொட்டை எங்கிருந்து வரும்? குடியானவர்கள் பழத்தைப் பறித்து, வீட்டு வாசலிலேயே கல்லால் நசுக்கித் தோலை எடுத்து, கிடைத்த தண்ணீரில் அலசி, தரையில் உலர்த்திக் கொடுத்துவிட்டுத் தங்கள் வாழைத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

அப்படியும் தேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பகுதி இந்தக் காபியிலிருந்துதான் வந்தது. 1989-ம் வருஷம் ஜூலை மாதத்தில், உலகக் காபி விலையைத் தாங்கி நின்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை முறிந்தது. விலை மளமளவென்று ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் எல்லைக்கு அப்பாலிருந்து டுட்ஸி அகதிகளின் படை நாட்டுக்குள் புகுந்து யுத்தம் தொடங்கியது. விலை விழுந்ததால்தான் படுகொலை நடந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நாம் ஏற்பதற்கில்லை. காபி விலை அப்போது பல தேசங்களில் விழுந்தது. அவற்றுள் மிகப் பலவற்றில் யாரும் அண்டை வீட்டாரை வெட்டவில்லை. ருவாண்டாவில் வெட்டியதற்குக் காரணம், வெட்டச் சொல்லித் திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் இருந்ததுதான். ஆனால் கையில் காசில்லாத, வேலையில்லாத வாலிபர்களை அந்தத் திட்டத்துக்குப் பிடிப்பது சுலபமாயிற்று என்பதை மறுக்க முடியாது.

1994-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி இரவு ஜனாதிபதி ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் தொடங்கிச் சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் ஜனங்கள் கொல்லப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் என்பது ருவாண்டா சர்க்காரின் கணக்கு. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் டுட்ஸிகள். கொலைக்கு உடன்பட மறுத்த ஹூட்டுகளும் அவர்களோடு மாண்டார்கள். இதற்கு மேல் விவரிக்க நம் பேனா துணியவில்லை.

ஜூலை மாதத்தில் கொலை நின்றபோது எஞ்சியிருந்தது என்ன? சுமார் 20 லட்சம் பேர் எல்லை தாண்டி ஓடிவிட்டார்கள். ஓடிப்போன சர்க்கார் தேசிய பாங்கியின் பணத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. வந்த புது சர்க்கார், பழைய நோட்டுக்களைச் செல்லாக் காசாக்கி, 1994 டிசம்பர் தேதியிட்ட புது நோட்டுக்களை வெளியிட வேண்டியதாயிற்று. அந்த ஒரே வருஷத்தில் தேசத்தின் மொத்த உற்பத்தி பாதியாகக் குறைந்துவிட்டது. காபிப் பழங்கள் செடியிலேயே கறுத்து உதிர்ந்தன. பறிக்க வேண்டியவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள், அல்லது அகதி முகாமில் இருந்தார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். சிறைகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள்.

குன்றுகளில் மிஞ்சியவர்களில் ஸ்திரீகள் அதிகம். ஒரு வீட்டில் புருஷனைப் பறிகொடுத்த விதவை. அதற்கு அடுத்த வீட்டில், கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவனின் மனைவி. இருவருக்கும் இருப்பது நூறு, இருநூறு காபிச் செடிகளும் ஒரு துண்டு நிலமும். அந்த நிலமும் யாருடையது? பழைய வழக்கப்படி நிலம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவது. பெண்ணுக்கு அதில் பாத்தியதை கிடையாது. 1999-ம் வருஷத்தில்தான் பெண்களும் சொத்தில் வாரிசாகலாம் என்று சட்டம் ஏற்பட்டது. யுத்தத்துக்குப் பின் வியாபாரம் தழைக்கச் செய்யப்பட்ட காரியங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் பாங்கி, சாலை, தந்தி, டெலிபோன் என்று அடுக்குவார்கள். நம்மைக் கேட்டால் இந்தச் சட்டத்துக்குத்தான் முதலிடம் கொடுப்போம். தன்னுடையதல்லாத செடிக்கு எவள் எரு வைப்பாள்?

இப்போது காபியைக் கழுவுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கடைகளில் 'பிளான்டேஷன்' என்றும் 'செர்ரி' என்றும் இரண்டு விதமாகக் கொட்டை விற்கிறார்களே, அதன் வித்தியாசம் பலருக்குத் தெரிந்திராது. பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்துப் பிறகு உடைத்து எடுப்பது செர்ரி. பழம் பறித்த அன்றே தோலை நீக்கி, கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பசையைத் தொட்டியில் புளிக்க வைத்து, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துவது பிளான்டேஷன். இரண்டாவது முறையில் மணம் தெளிவாக இருக்கும், விலையும் அதிகம். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், தொட்டி வேண்டும், ஏராளமான சுத்த ஜலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பழம் பறித்த சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். மறுநாள் வந்தால் கெட்டுவிடும். நூறு செடி வைத்திருக்கும் ஒருத்தி இதைத் தனியாகச் செய்யவே முடியாது. கூடினால்தான் முடியும்.

காபியின் இந்தக் குணத்தில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. கூடிச் செய்யுங்கள் என்று புத்தி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை; சொன்னால் கேட்கும் நிலையிலும் யாரும் இல்லை. நல்ல காபி வேண்டுமானால் கூடாமல் முடியாது என்ற நிர்ப்பந்தம்தான் அவர்களைக் கூட்டியது.

தெற்கே மராபா என்று ஒரு வட்டாரம். 1999-ம் வருஷம் அங்கே சுமார் 220 குடியானவக் குடும்பங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தன. 'அபாஹூஸாமுகாம்பி' என்று பெயர். நம் வாயில் நுழைவது கஷ்டந்தான். 'ஒரே நோக்கத்துக்காகக் கூடி உழைப்பவர்கள்' என்று பொருள். பெயர் பெரிதாயிருந்ததே தவிர, முதலில் காரியம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இயந்திரம் இல்லை; பழைய மாதிரி நசுக்கின கொட்டையைத்தான் விற்றார்கள். அருகில் பூட்டாரே நகரத்தில் தேசியப் பல்கலைக்கழகம் இருந்தது. படுகொலையில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஏராளமாக இழந்த கலாசாலை அது. அதன் தலைவர்கள் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு ஏதாவது உபகாரம் செய்ய விரும்பினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன், டெக்ஸாஸ் சர்வகலாசாலைகளின் நிபுணர்களும், அமெரிக்க சர்க்காரின் உதவிப் பணமும் வந்து சேர்ந்தன. டிம் ஷில்லிங் என்ற விவசாய நிபுணர் இந்த முயற்சியை முன்னின்று நடத்தினார். 2001-ம் வருஷம் ஜூலையில் மராபாவின் முதல் கழுவும் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அறுவடைக் காலம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்த சமயம். ஆகையால் அந்த வருஷம் கிடைத்த நல்ல கொட்டை அற்ப சொற்பமே.

இனி, வாங்குகிறவன் வேண்டும். யுத்தத்தில் அடிபட்ட தொழில்கள் பிழைத்த கதைகளைப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு பெரிய, முதல் வாங்குகிறவன் வந்து நிற்பதைக் காணலாம். 1945-ல் ஜெர்மனியில் உல்ஃப்ஸ்பர்க் மோட்டார்த் தொழிற்சாலை குண்டு விழுந்து கிடந்தது. பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்பவர் அதன் பொறுப்பை ஏற்றார். தொழிற்சாலை தப்பியதற்குக் காரணம், பிரிட்டிஷ் ராணுவமே 20,000 மோட்டார் வண்டிகள் வேண்டுமென்று கொடுத்த ஆர்டர்தான். பின்னால் உலகமெல்லாம் ஓடிய 'வோக்ஸ்வாகன்' வண்டி அப்படித்தான் உயிர் பெற்றது. ஆனால் உல்ஃப்ஸ்பர்க்கில் இயந்திரங்கள் இருந்தன. கைதேர்ந்த தொழிலாளிகளும் பொறியியல் வல்லுநர்களும் இருந்தார்கள். மராபாவில் என்ன இருந்தது? அதன் பெயரை உலகில் யாரும் கேட்டதில்லை. ருவாண்டாக் காபி என்றால் மட்டரகச் சரக்கு என்பதுதான் சந்தையில் அதற்கு இருந்த பெயர்.

மாதிரிக் கொட்டைகளை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போனார்கள். 2002-ம் வருஷம் அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்திலுள்ள 'கம்யூனிட்டி காபி' என்ற கம்பெனி ஒரு கண்டெய்னர் நிறைய வாங்கியது. லண்டனிலுள்ள 'யூனியன் காபி ரோஸ்டர்ஸ்' அடுத்து வந்தது. 2003-ல் இங்கிலாந்தில் 'காமிக் ரிலீஃப்' என்ற தர்ம நிதி வசூலையொட்டி 'ஸெய்ன்ஸ்பரி' கடைகளில் மராபாக் காபி என்று பெயர் போட்டே விற்றார்கள். கடைக்காரர்கள் முதலில் இரக்கத்தால் வாங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரக்கத்துக்காக ஒரு தடவை வாங்கலாம். வருஷா வருஷம் வாங்க வேண்டுமானால் கிண்ணத்தில் ருசி இருக்க வேண்டும். ருசி இருந்தது. அதனால்தான் மறுபடியும் வந்தார்கள். சில வருஷங்களில் சங்கத்தின் அங்கத்தினர்கள் ஏறத்தாழ 2,000 பேர் ஆகிவிட்டார்கள்.

மராபாவைப் பார்த்து மற்றக் குன்றுகளிலும் கழுவும் நிலையங்கள் முளைத்தன. 2000-ம் வருஷ வாக்கில் தேசம் முழுவதற்கும் இரண்டு நிலையங்கள். 2015-ல் ஏறக்குறைய 300. கூட்டுறவுச் சங்கங்கள் மட்டுமல்ல, தனி வியாபாரிகளும் முதல் போட்டார்கள். 2008-ம் வருஷம் 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்னும் சர்வதேசக் காபிப் போட்டி முதல் தடவையாக ஆப்பிரிக்காவில் நடந்தபோது, அது நடந்த தேசம் ருவாண்டாதான்.

அறுவடைக் காலத்தில், அதாவது மார்ச்சு மாதம் தொடங்கி ஜூன், ஜூலை வரையில், ஒரு நிலையத்தில் நடப்பதைக் கவனித்தால் பல விஷயங்கள் விளங்கும். காலையில் பறித்த சிவந்த பழங்களைக் கூடைகளில் தலைமேல் சுமந்துகொண்டு ஸ்திரீகள் வருகிறார்கள். சிலர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். டாம் ரிட்சி என்ற அமெரிக்க சைக்கிள் நிபுணர் 2006-ம் வருஷத்தை ஒட்டி, காபி மூட்டை ஏற்றுவதற்கென்றே பின்பக்கம் நீண்ட ஒரு சைக்கிளை அமைத்து, கடனுக்குக் கிடைக்கும்படியும் ஏற்பாடு செய்தார். பழத்தைத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். மிதப்பது சொத்தை, அதை ஒதுக்க வேண்டும். மற்றதைத் தராசில் வைத்து எல்லோரும் பார்க்க நிறுத்துப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஆறு ஏழு கிலோ பழம் பிடிக்கும். பழத்துக்கு உரிய பணம் கைக்கு வருகிறது. வருஷ முடிவில் கொட்டை நல்ல விலைக்குப் போயிருந்தால் சங்க அங்கத்தினர்களுக்கு இரண்டாம் தவணையும் உண்டு. அந்தப் பணம் வீட்டுக்குத் தகரக் கூரையாகவும், பசுவாகவும், குழந்தையின் பள்ளிச் சம்பளமாகவும் மாறுகிறது.

தராசையும் புத்தகத்தையும் அற்ப விஷயமென்று எண்ணிவிடக் கூடாது. இவளுக்கு ஒரு நிறை, அவளுக்கு ஒரு நிறை என்று இருந்தால் அந்தச் சங்கம் ஒரு பருவம் கூடத் தாங்காது. எவ்வளவோ பிரசங்கங்களால் ஏற்படாத நம்பிக்கை, நாள்தோறும் சரியாக நிற்கும் தராசு முள்ளினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்பட்டது.

கழுவிய கொட்டையை உயரமான மேஜைகளில் இரண்டு வாரம் உலர்த்துவார்கள். மழை வந்தாலும், உச்சி வெயில் அடித்தாலும் ஓடிப்போய் மூட வேண்டும். மேஜையின் இரு புறமும் பெண்கள் வரிசையாக நின்று சொத்தைக் கொட்டைகளைப் பொறுக்குவார்கள். இதற்கு விசேஷமான காரணம் ஒன்று இருக்கிறது. ருவாண்டாவிலும் அதன் அண்டைப் பிரதேசங்களிலும் காபிக்கு 'உருளைக்கிழங்கு தோஷம்' என்று ஒன்று உண்டு. ஒரு வகைப் பூச்சி பழத்தைக் குத்திய இடத்தில் ஏற்படுவதாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரே ஒரு கொட்டை சேர்ந்துவிட்டால் அந்தக் கிண்ணம் முழுவதும் பச்சை உருளைக்கிழங்கு வாசனை வீசும். ஒருத்தி அஜாக்கிரதையாக விட்ட கொட்டையால் ஊர் முழுவதுக்கும் கெட்ட பெயர். ஆகவே ஒருத்தியின் கண்ணை மற்றவள் நம்பியே ஆக வேண்டும். அந்த மேஜையின் ஒரு புறம் நிற்பவள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். எதிர்ப்புறம் நிற்பவளின் புருஷன் அதே குற்றத்துக்காக ஊர்ப் பஞ்சாயத்தின் முன் நிற்பவன். 'கசாசா' என்ற அந்தக் கிராம நீதிமன்றங்கள் 2002 முதல் 2012 வரையில் ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகளை விசாரித்தன. காலையில் பொறுக்கு மேஜை, மாலையில் சாட்சிக் கூண்டு என்று வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர்.

இப்படிச் சேர்ந்து வேலை செய்ததால் பகைமை தணிந்ததா? கழுவும் நிலையங்களுக்கே சென்று விசாரித்த ஆராய்ச்சியாளர்கள், அதிக காலம் சேர்ந்து உழைத்தவர்களிடத்திலும், தங்கள் வருமானம் உயர்ந்ததாக உணர்ந்தவர்களிடத்திலும் எதிர்த்தரப்பாரைப் பற்றிய கசப்பு குறைவாக இருந்ததென்று எழுதியிருக்கிறார்கள். இதை நம்புகிறோம், ஆனாலும் ஒரு சிறு எச்சரிக்கையுடன் நம்புகிறோம். ஹூட்டு, டுட்ஸி என்று பேசுவதே சட்ட விரோதமாகக் கருதப்படும் நாட்டில், அன்னியர் ஒருவர் வந்து கேட்டால் மனத்திலுள்ளதையெல்லாம் யார் கொட்டுவார்கள்? மேலும், சேர்ந்து பிழைப்பது வேறு, மன்னிப்பது வேறு. கொலைகாரன் வீட்டுப் பெண்ணிடமிருந்து ஒரு கூடையை வாங்கிக்கொள்வதற்கு மன்னிப்பு தேவையில்லை. எல்லோருடைய பழமும் சேர்ந்தால்தான் தொட்டி நிறையும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எல்லாம் சுபமாக நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் வாசகர்களை ஏமாற்றியதாகும். நிலையங்களைக் கட்டுவதற்குக் கொடுத்த கடனில் காட்டிய உற்சாகத்தை, அவற்றை நடத்தத் தெரிந்த கணக்கப்பிள்ளைகளைத் தயார் செய்வதில் காட்டவில்லை. பல நிலையங்களுக்குப் போதுமான பழம் வரவில்லை. தொட்டிகள் பாதி காலியாகக் கிடந்தன. பருவத்தில் பழம் வாங்க ரொக்கம் வேண்டும். கொட்டை விற்றுப் பணம் வருவதற்கோ மாதங்கள் ஆகும். இடைவெளியில் பாங்கி கை கொடுக்காவிட்டால், தரகன் சைக்கிளில் வந்து ரொக்கத்தை நீட்டிப் பழத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். சங்கங்கள் சில கடனில் மூழ்கின. 2016-ம் வருஷம் சர்க்கார், இந்தக் குன்றின் பழம் இந்த நிலையத்துக்குத்தான் போக வேண்டுமென்று எல்லை வகுத்தது. நிலையங்களுக்கு அது சௌகரியம். குடியானவனுக்கோ பழைய பெல்ஜியர் காலத்து ஞாபகம் வந்திருக்கும். அதிக விலை கொடுப்பவனிடம் விற்கும் உரிமை போயிற்று. சில வருஷங்கள் கழித்து அந்த உத்தரவைக் கைவிட்டார்கள்.

பெரிய வியாபாரங்களின் விஷயமோ தனி. ஆளும் கட்சிக்கே ஒரு கம்பெனி உண்டு. முன்பு 'ட்ரைஸ்டார்' என்று பெயர், இப்போது 'கிரிஸ்டல் வென்சர்ஸ்'. 1998-ல் ருவாண்டாவுக்குக் கைப்பேசி வந்தபோது அதில் பங்கு எடுத்துக்கொண்டது இந்தக் கம்பெனி. பால் பதனிடுவது, ரஸ்தா போடுவது என்று பலவற்றில் அதற்குக் கை இருக்கிறது. யாரும் முதல் போடப் பயந்த காலத்தில் கட்சியே முதல் போட்டுத் தைரியம் காட்டியது என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள், அது பொய்யல்ல. ஆனால் ஆட்டக்காரனே நடுவனாகவும் இருக்கும் மைதானத்தில் மற்றவன் எப்படி ஜெயிப்பான் என்ற கேள்வியும் பொய்யல்ல. உலக பாங்கியின் ஜாபிதா ஒன்றில், தொழில் தொடங்கி நடத்தும் வசதியில் ருவாண்டா ஒரே வருஷத்தில் 143-வது ஸ்தானத்திலிருந்து 67-வது ஸ்தானத்துக்குத் தாவியதாக 2009-ல் பிரமாதமாகப் பேசப்பட்டது. பிற்பாடு, சில தேசங்களின் கணக்குகளில் முறைகேடு இருந்ததென்று கண்டு, 2021-ல் அந்த ஜாபிதாவையே நிறுத்திவிட்டார்கள். ஜாபிதாக்களை அதிகமாக நம்பாமலிருப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்லாமல் தீராது. 2000-ம் வருஷம் முதல் ஜனாதிபதியாக இருந்து வரும் பால் ககாமே, 2024-ம் வருஷத் தேர்தலில் நூற்றுக்கு 99 வோட்டுக்களைப் பெற்றார். அவ்வளவு ஒற்றுமையான ஜனங்களை நாம் எங்கும் கண்டதில்லை. எல்லைக்கு அப்பால் காங்கோவில் கலகப் படைகளுக்கு ருவாண்டா உதவுகிறதென்று ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ருவாண்டா அதை மறுத்து வந்திருக்கிறது. 2025-ம் வருஷத் தொடக்கத்தில் அந்தப் படைகள் கோமா நகரத்தைப் பிடித்தன. கோமாவுக்குச் சற்றுத் தெற்கே அதே கீவு ஏரிக்கரையில் காங்கோக் குடியானவர்களும் காபி பயிரிடுகிறார்கள். அவர்களுக்கும் சங்கங்கள் உண்டு, கழுவும் நிலையங்கள் உண்டு. ஏரியின் ஒரு கரையில் தராசு ஒழுங்காக நிற்க, மறு கரையில் பழம் பறிக்கப் போக முடியாதபடி துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தால், அந்த வியாபாரத்தை முழு வெற்றி என்று எப்படிக் கொண்டாடுவது?

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குன்றுகளின் குடியானவர்களைப் பார்க்க வேண்டும். கழுவும் நிலையங்கள் வந்த காலத்தில் அநேகமாக அவர்களில் ஒருவரும் தாங்கள் விளைவித்த காபியைக் குடித்துப் பார்த்ததே இல்லை. ருவாண்டாவில் ஜனங்கள் தேநீர் குடிப்பார்கள்; வாழைப்பழத்திலிருந்து இறக்கும் ஒரு வகை மது குடிப்பார்கள்; காபி என்பது வெள்ளைக்காரனுக்கு அனுப்பும் ஏதோ ஒரு கொட்டை. மூன்று தலைமுறைகளாக அதை நட்டும், பறித்தும், நசுக்கியும் வந்தவர்களுக்கு, அது எதற்காக என்றே தெரியாது!

ஷில்லிங்கும் பல்கலைக்கழகத்தாரும் செய்த காரியங்களில் ஒன்று, ருசி பார்க்கும் கூடம் அமைத்து, உள்ளூர் வாலிபர்களையும் பெண்களையும் அதில் பழக்கியது. இன்று அந்த நாட்டில் அப்படிப் பழகிய பலர் இருக்கிறார்கள். வறுத்துப் பொடித்து, கிண்ணம் கிண்ணமாக வெந்நீர் ஊற்றி, கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்புகிறார்கள். எந்தக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு வாசனை, எதில் ஆரஞ்சுப் புளிப்பு, எது எந்த நிலையத்துக் கொட்டை என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தில் மார்க்குப் போடுகிறார்கள். அந்த மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் அயல்நாட்டு வியாபாரியிடம் விலை பேசுகிறார்கள். தன் சரக்கின் ருசி தனக்கே தெரிந்தவனிடம் விலையைக் குறைத்துப் பேசுவது அவ்வளவு சுலபமல்ல. கிகாலி நகரத்தில் இப்போது காபிக் கடைகளும் வந்துவிட்டன. ஆனால் நம்மைப் போல் அதில் சிக்கரி கலப்பதில்லை.